இருபத்தாறாவது ஆள்

மைக் ட்ரவுட்டும் ஷோஹெய் ஓத்தானியும் 2018 முதல் 2023 வரை ஆறு சீசன் ஒரே அணிக்கு ஆடினார்கள். அந்த ஆறில் ஒன்றில்கூட அணியின் வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. 80, 72, கொரோனா வருஷத்தில் 60 ஆட்டத்துக்கு 26, பிறகு 77, 73, மறுபடியும் 73. பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. நல்ல பேஸ்பால் அணியை எப்படிக் கட்டுவது என்று ரசிகர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எப்படிக் கட்டக் கூடாது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டுவார்கள்: அனஹைம், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். நான் அந்த அணியின் ரசிகன். அதனால் இந்தப் பதிவில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமான விஷயம். ஒரு தலைமுறையின் ஆகச் சிறந்த இரண்டு பேர் ஒரே அணியில் இருந்துமா தோற்பார்கள்? கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நிலைத்து நின்றுவிட்டால் ஐம்பது ஓவரையும் அவரே இழுத்துக்கொண்டு போகலாம். பேஸ்பாலில் அதற்கு வழியே இல்லை. ஒன்பது பேரும் வரிசைப்படி வந்தாக வேண்டும். ட்ரவுட் முதல் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், மற்ற எட்டுப் பேரும் ஆடி முடிக்கும்வரை அவர் முறை வராது. ஒரு ஆட்டத்தில் நாலு முறை, மிஞ்சினால் ஐந்து. பிட்சிங்கும் அப்படித்தான். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது ஸ்டார்ட்டர், எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவைதான் மவுண்டில் ஏறுவார். ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரு ரன் பின்தங்கி, இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது யார் முறையோ அவர்தான் ஆட வேண்டும். வேண்டுமானால் மாற்று ஆள் இறக்கலாம். அந்த மாற்று ஆளும் பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவர்தானே.

சரி, கணக்குக்கு வருவோம். பேஸ்பால் ஆட்கள் 'வார்' என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஒரு வீரர் அடித்தது, ஓடியது, தடுத்தது, வீசியது எல்லாவற்றையும் கூட்டி, அவருக்குப் பதிலாக மைனர் லீகிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு யாரையாவது கூப்பிட்டு நிறுத்தியிருந்தால் எத்தனை ஆட்டம் குறைவாக ஜெயித்திருப்போம் என்று சொல்லும் எண். 26 பேருமே அப்படிக் கூப்பிட்டு நிறுத்தியவர்களாக இருந்தால் அந்த அணி 162 ஆட்டத்தில் சுமார் 48 ஜெயிக்கும். ஒரு மகா வீரர் தன் உச்ச வருஷத்தில் அதற்கு மேல் 9, 10 வெற்றி சேர்ப்பார். இரண்டு பேர் ஒரே வருஷத்தில் உச்சத்தில் இருந்தால் 20. ஆக 68. பிளேஆஃப் போகப் பெரும்பாலும் 87, 88 போல வேண்டியிருக்கும். மிச்சத்தை மற்ற 24 பேர்தான் கொண்டுவர வேண்டும். 2022ல் ட்ரவுட்டும் ஓத்தானியும் சேர்ந்து சுமார் 16 கொடுத்தார்கள். அணி ஜெயித்தது 73. இந்தக் கணக்குப்படி மற்ற எல்லோரும் சேர்ந்து கொடுத்தது 9. இருபத்துச் சொச்சம் பேர் சேர்ந்தும் ஒரு ஓத்தானி அளவுக்கு வரவில்லை.

என் கட்சி இதுதான். ஒரு அணியை முதல் மூன்று பெயரை வைத்து எடை போடாதீர்கள், கடைசி ஏழு எட்டுப் பெயரைப் பாருங்கள். ஐந்து வெற்றி தரும் வீரரை எடுத்துவிட்டுப் பத்து வெற்றி தருபவரைக் கொண்டுவர உலகத்தில் யாராலும் எளிதில் முடியாது. அப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருக்கிறார்கள், விலையும் தலையைச் சுற்ற வைக்கும். ஆனால் ஒன்றுமே தராத ஐந்து பேரை எடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு வெற்றி தரும் ஐந்து பேரைக் கொண்டுவருவது சந்தையில் நடக்கிற காரியம். கூட்டிப் பாருங்கள், முதல் வழியில் கூடுவது ஐந்து, இதில் பத்து. இதில் விழாவும் இல்லை, ஜெர்சி விற்பனையும் இல்லை, விமான நிலையத்தில் கேமராக் கூட்டமும் இல்லை. அதனாலேயே பல முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏஞ்சல்ஸ் நிர்வாகத்துக்கு இந்த வித்தை தெரியாது என்றும் சொல்ல முடியாது. ட்ரவுட் எப்படி வந்தார் என்று பாருங்கள். 2008 ஜூலையில் கேசி காட்ச்மனைக் கொடுத்து மார்க் டெஷேராவை வாங்கினார்கள். சீசன் முடிந்ததும் டெஷேரா ஒப்பந்தம் தீர்ந்து ஃப்ரீ ஏஜென்ட்டாகி யாங்கீஸுக்குப் போய்விட்டார். அந்தக் கால விதிப்படி, பெரிய வீரரை இழந்த அணிக்கு வாங்கிய அணியின் டிராஃப்ட் வாய்ப்பு, அதாவது புது இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் அதன் முறை, ஈடாகக் கிடைக்கும். 2009 டிராஃப்டில் யாங்கீஸிடமிருந்து வந்த அந்த 25வது இடத்தில்தான் நியூ ஜெர்சியில் பள்ளியை முடித்திருந்த மைக் ட்ரவுட்டை எடுத்தார்கள். போனவரைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஆனால் போனவர் விட்டுச் சென்ற காலி இடத்திலிருந்து அந்தத் தலைமுறையின் சிறந்த வீரர் கிடைத்தார்.

இதே அணி இரண்டே வருஷத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றது. 2011 டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குப் பத்து வருஷம், 240 மில்லியன் டாலர். அடுத்த டிசம்பரில் ஜாஷ் ஹாமில்டனுக்கு ஐந்து வருஷம், 125 மில்லியன். பூஹோல்ஸ் மாபெரும் வீரர், அதில் சந்தேகமே இல்லை. செயின்ட் லூயிஸில் மூன்று முறை எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கியவர். ஆனால் 32 வயதாகப் போகிறவருக்குப் பத்து வருஷம்! என்னைக் கேட்டால் பணத்தைவிடப் பெரிய செலவு வேறு இருந்தது. பூஹோல்ஸையும் சி. ஜே. வில்சனையும் வாங்கியதற்காக 2012 டிராஃப்டில் முதல் இரண்டு சுற்று வாய்ப்பும் போயிற்று. ஹாமில்டனுக்காக 2013ன் முதல் சுற்று போயிற்று. ட்ரவுட்டுக்கு இருபது, இருபத்தொரு வயது. அவரோடு சேர்ந்து வளர வேண்டிய ஆட்கள் வந்திருக்க வேண்டிய வாசலை அடைத்துவிட்டு, இறங்குமுகத்தில் இருந்தவர்களுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள்.

டிராஃப்ட் வாய்ப்புக்கு ஏன் இவ்வளவு அழுகிறான் என்று நினைக்கலாம். விஷயம் சம்பள முறையில் இருக்கிறது. மேஜர் லீகில் ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஆறு வருஷ சர்வீஸ் வேண்டும். அதில் முதல் மூன்று வருஷம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025ல் அது 7,60,000 டாலர். அதன்பிறகு மூன்று வருஷம் மத்தியஸ்தம் மூலம் படிப்படியாக ஏறும். நாலு வெற்றி தரும் இளம் வீரர் ஒரு மில்லியனுக்கும் குறைவாகக் கிடைப்பார். அதே அளவு ஆட்டத்தைச் சந்தையில் வாங்கப் போனால் வருஷத்துக்கு இருபது மில்லியனுக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். இது வீரர்களுக்கு நியாயமா என்றால், இல்லை. ஆனால் விதி இதுவாக இருக்கும்வரை, சொந்தமாக வளர்த்த நாலைந்து இளைஞர்கள் இல்லாத அணி ஒவ்வொரு ஓட்டையையும் சந்தை விலைக்குத்தான் அடைக்க வேண்டும். எந்தப் பணமும் அதற்குக் காணாது.

பிட்சிங் கதை இதைவிடச் சோகம். ஓத்தானி இருந்த காலம் முழுக்க இந்த அணிக்கு இல்லாதது ஸ்டார்ட்டர்கள். வருஷா வருஷம் என்ன செய்தார்கள்? பழைய பெருமையும் பழைய காயமும் உள்ள ஒருவரை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கூட்டி வந்தார்கள். 2019ல் மேட் ஹார்வி, ட்ரெவர் கேஹில். 2020ல் ஹூலியோ டெஹரான், அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட சராசரி ரன்) அந்த வருஷம் 10ஐத் தாண்டியது. 2021ல் ஹோசே கின்டானா, 2022ல் 21 மில்லியனுக்கு நோவா சிண்டர்கார்ட். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தால் 'பரவாயில்லை, முயற்சி செய்யட்டும்' என்று தோன்றும். வரிசையாகப் பார்த்தால்தான் தெரிகிறது, திட்டம் என்று ஒன்று இருக்கவே இல்லை. 2019 டிசம்பரில், ஆரஞ்ச் கவுண்டியிலேயே வளர்ந்த கெரிட் கோல் 324 மில்லியனுக்கு யாங்கீஸுக்குப் போனார். அதே வாரத்தில் ஏஞ்சல்ஸ் மூன்றாவது பேஸ்மேன் ஆன்டனி ரெண்டோனுக்கு ஏழு வருஷம், 245 மில்லியன் எழுதிக் கொடுத்தது. பிட்சர் இல்லாத வீட்டில் இன்னொரு பேட்டர். 2021 முதல் எந்த சீசனிலும் ரெண்டோன் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. காயத்துக்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் விழுந்தால் யார் நிற்பது என்று யோசிக்காதவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

2021 டிராஃப்டில் கிடைத்த இருபது வாய்ப்பிலும் இருபது பிட்சர்களை எடுத்தார்கள். ஆமாம், இருபதுக்கு இருபது. அந்த வாரம் நாங்கள் சிரித்த சிரிப்பு எங்களுக்கே கேட்கச் சகிக்கவில்லை. பத்து வருஷமாகப் பசித்தவன் ஒரே வேளையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

இங்கே ரோஸ்டர் விதிகளைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ரசிகர்கள் இந்த இடத்தில்தான் கொட்டாவி விடுகிறார்கள், நல்ல நிர்வாகம் இங்கேதான் ஜெயிக்கிறது. ஆட்டத்துக்குத் தயாராக இருப்பவர்கள் 26 பேர். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. அந்த 26 பேரையும் உள்ளடக்கிய 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள இளைஞருக்கு மூன்று சீசன் 'ஆப்ஷன்' இருக்கும். அதாவது, வேறு அணிகள் தட்டிக்கொண்டு போகும் அபாயம் இல்லாமல் அவரை மைனர் லீகுக்கு அனுப்பலாம், திரும்பக் கூப்பிடலாம். 2022 முதல் ஒரு சீசனில் ஐந்து முறை வரைதான் அப்படி அனுப்பலாம் என்று கட்டுப்பாடு வந்திருக்கிறது. நேற்று ஸ்டார்ட்டருக்குப் பின் வரும் உங்கள் ரிலீவர்கள் ஆறு இன்னிங்ஸ் வீசிக் களைத்துப் போயிருந்தால், ஆப்ஷன் உள்ள ஒருவரை அனுப்பிவிட்டு இன்று புதுக் கையோடு இன்னொருவரைக் கூப்பிடலாம். ஆப்ஷன் தீர்ந்த மூத்தவர்களாகவே புல்பென்னை (ரிலீவர் குழுவை) நிரப்பிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டாம்பா பே ரேஸ் இந்த விளையாட்டில் கெட்டி. 2020ல் அவர்களுக்கு 12 வெவ்வேறு பிட்சர்கள் 'சேவ்' எடுத்தார்கள், அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தார்கள். பாதிப் பேரின் பெயர் உள்ளூர்க்காரர்களுக்கே தெரிந்திருக்காது. அந்த வருஷம் உலகத் தொடர் வரை போனார்கள்.

"அதெல்லாம் சரி பாஸ், காசு இருக்கறவன் ஜெயிக்கறான், அவ்வளவுதான்" என்பார் என்னோடு வேலை பார்க்கும் டாட்ஜர்ஸ் ரசிகர். சொந்த அணியைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசுபவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2023ல் நியூயார்க் மெட்ஸ் 350 மில்லியன் டாலர் அளவில் சம்பளம் கொடுத்து 75 ஆட்டம்தான் ஜெயித்தது. சீசன் பாதியிலேயே ஷெர்சரையும் வெர்லாண்டரையும் விற்க வேண்டி வந்தது. அதே வருஷம் சான் டியேகோவில் மச்சாடோ, டாட்டீஸ், சோட்டோ, போகார்ட்ஸ் என்று நாலு பெரிய பெயர்கள். மொத்தம் 82 வெற்றி. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன ஆட்டங்களில் 2 வெற்றி, 12 தோல்வி. அதிர்ஷ்டமும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்தாவது, பதினோராவது இன்னிங்ஸில் களத்தில் நிற்பவர்கள் யார்? நாலாவது ரிலீவர், ஐந்தாவது ரிலீவர், பெஞ்சில் இருந்து இறங்கியவர். மேலே கோபுரம், கீழே அஸ்திவாரம் இல்லை.

டாட்ஜர்ஸிடம் பணம் இருக்கிறது என்பது உண்மைதான். 2025ல் ஆடம்பர வரிக் கணக்கில் அவர்கள் சம்பளம் 400 மில்லியனைத் தாண்டியது; வரி தொடங்கும் எல்லை 241 மில்லியன். பணம் அவர்களுக்கு என்ன வாங்கித் தருகிறது என்றால், தவறு செய்யும் உரிமையை வாங்கித் தருகிறது. ஒரு ஒப்பந்தம் பொய்த்தால் அடுத்ததைப் போடலாம். மில்வாக்கிக்கோ க்ளீவ்லாண்டுக்கோ ஒரு பெரிய ஒப்பந்தம் பொய்த்தால் நாலு வருஷம் எழுந்திருக்க முடியாது. ஆனால் டாட்ஜர்ஸை நடத்தும் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? பணமில்லாத ரேஸிலிருந்து, 2014ல். ஏழை வீட்டில் சமைக்கக் கற்றவர் கையில் பணக்கார வீட்டுச் சாவி கிடைத்தது. அவர் சில்லறைக் கணக்கை விடவில்லை.

மேக்ஸ் மன்சியை ஓக்லண்ட் 2017ல் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. டாட்ஜர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது; அடுத்த வருஷம் 35 ஹோம் ரன். கிறிஸ் டெய்லர், சியாட்டில் பெரிதாக மதிக்காமல் விட்டுக் கொடுத்தவர். ஃப்ரீட்மன் வருவதற்கு முன்பே இந்தப் பழக்கம் அங்கே இருந்திருக்கிறது: மெட்ஸ் கைவிட்ட ஜஸ்டின் டர்னரை 2014 தொடக்கத்தில் எடுத்தார்கள். 2017ல் டெய்லரும் டர்னரும்தான் நேஷனல் லீக் இறுதித் தொடரின் எம்.வி.பி. விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். 2024ல் ஜூலைக் கடைசியில் வாங்கிய டாமி எட்மன் அதே விருதை வாங்கினார். அப்போது ஓத்தானி 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ் என்று வரலாறு படைத்துவிட்டு அதே அணியில் நின்றுகொண்டிருந்தார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். அக்டோபர் 27, டொரான்டோ ப்ளூ ஜேஸுக்கு எதிராக. 18 இன்னிங்ஸ், ஆறரை மணி நேரத்துக்கு மேல். ஓத்தானி அன்று ஒன்பது முறை பேஸ் ஏறினார். ஒரு கட்டத்துக்குப் பிறகு பயந்துபோன டொரான்டோ அவருக்குப் பந்தே போடாமல் நடக்க விட்டது. ஆக, உலகின் சிறந்த வீரரை ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்க இவ்வளவுதான் வேண்டும், கவனியுங்கள். இரு அணியின் புல்பென்னும் வற்றிப் போனது. டாட்ஜர்ஸ் பக்கம் கடைசியாக மிஞ்சியவர் வில் க்ளைன். ஜூனில் சியாட்டிலிடமிருந்து சத்தமே இல்லாமல் வாங்கப்பட்டவர். முந்தைய பிளேஆஃப் சுற்றுகளில் பட்டியலிலேயே இல்லாதவர். நான்கு இன்னிங்ஸ், 72 பந்து, ஒரு ரன்கூட விடவில்லை. பதினெட்டாவது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். மறுநாள் செய்தியில் ஃப்ரீமன் படம் போட்டார்கள், போடட்டும். க்ளைன் இடத்தில் வேறு யாராவது கை நடுங்கியிருந்தால் ஃப்ரீமனின் அடி ஆட்டத்தை முடித்திருக்காது.

அந்தத் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்னால், ஒரு அவுட். பேட்டிங் வரிசையின் கடைசி ஆள் மிகெல் ரோஹாஸ். 36 வயது, தடுப்பாட்டத்துக்காக வைத்திருப்பவர், சீசனில் ஹோம் ரன் விரல் விட்டு எண்ணும் அளவுதான் அடித்திருப்பார். இடப்பக்கக் கூட்டத்துக்குள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில், மூன்று பேஸிலும் ஆள் நிற்க, தடுமாறிப் பந்தைப் பிடித்து ஹோமுக்கு எறிந்து தோல்வியையும் தடுத்தார். பதினோராவதில் வில் ஸ்மித் ஹோம் ரன், யமமோட்டோ முடித்து வைத்தார், கோப்பை. ஏஞ்சல்ஸில் இந்த ரோஹாஸ் மாதிரி ஆள் இருக்க வேண்டிய இடத்தில் வருஷா வருஷம் யார் இருந்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நினைவில் வைக்கத் தக்கவர்களாக இருந்தால் நினைவில் இருந்திருப்பார்கள்.

எங்கள் அணியின் ஒரே கோப்பையும் இதைத்தான் சொல்கிறது. 2002 ஏஞ்சல்ஸ். எதிரே சான் ஃபிரான்சிஸ்கோவில் பேரி பாண்ட்ஸ். அந்த உலகத் தொடரில் அவர் சராசரி .471, நாலு ஹோம் ரன், 13 வாக் (அடிக்கத் தக்க பந்து போடாமல் நடக்க விட்டது). ஒரு தனி மனிதன் இதற்கு மேல் ஆட முடியாது. தோற்றார். எங்கள் பக்கம் டேவிட் எக்ஸ்டைன், பாஸ்டன் விட்டுவிட்டதால் சும்மா கிடைத்தவர். ஆடம் கென்னடி, ஒன்பதாவதாக ஆடுபவர், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். ஆறாவது ஆட்டத்தில் 5-0 என்று செத்துக் கிடந்தபோது ஸ்காட் ஸ்பீசியோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னை இன்றும் யூடியூபில் போட்டுப் பார்க்கலாம், அலுக்காது. செப்டம்பரில் கூப்பிடப்பட்ட 20 வயது ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகெஸ் அந்த பிளேஆஃபில் ஐந்து வெற்றி வாங்கினார். ஏழாவது ஆட்டத்தை ஆரம்பித்து ஜெயித்தவர் புதுமுகம் ஜான் லாக்கி. அந்த வீரர்களில் ஒருவர்கூட ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. அதன்பிறகு ட்ரவுட் என்ற அதிசயம் வந்து, இதுவரை அவர் ஆடிய பிளேஆஃப் ஆட்டம் மூன்று, 2014ல் கன்சாஸ் சிட்டியிடம். மூன்றும் தோல்வி. அன்று எங்களை மடக்கியது கெல்வின் ஹெரேரா, வேட் டேவிஸ், கிரெக் ஹாலண்ட் என்று மூன்று ரிலீவர்கள்.

'மனிபால்' படம் பார்த்தவர்கள் இங்கே ஓக்லண்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்ல படம்தான். ஆனால் அந்த 2002 ஓக்லண்ட் 103 ஆட்டம் ஜெயித்தது ஸ்காட் ஹாட்டபெர்க் வாக் எடுத்ததால் மட்டும் இல்லை. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸீட்டோ என்று அவர்களே டிராஃப்ட் செய்து வளர்த்த மூன்று ஸ்டார்ட்டர்கள் இருந்தார்கள்; ஸீட்டோ அந்த வருஷம் சை யங் விருது, மிகெல் டெஹாடா எம்.வி.பி. படத்தில் இவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மலிவாக ஓட்டை அடைப்பது பலித்தது, அடைப்பதற்கு ஒரு சுவர் ஏற்கனவே இருந்ததால்.

முழுக்கத் தோற்று, மேலிடத்து டிராஃப்டாக எடுத்து எடுத்து மேலே வருவது என்ற வழியும் உண்டு. ஹூஸ்டன் 2011 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்று, 2017ல் கோப்பை வாங்கியது. அதைப் பார்த்துக் காப்பியடித்த சிகாகோ வைட் சாக்ஸ் ஒரு பிளேஆஃப் சுற்றுகூட ஜெயிக்காமல், 2024ல் 121 ஆட்டம் தோற்றது. எனக்கு இந்த வழியே பிடிக்காது. ஐந்து வருஷம் டிக்கெட் வாங்கும் குடும்பங்களுக்கு என்ன பதில்?

விற்க வேண்டிய நேரத்தில் விற்பது மட்டும் வேறு விஷயம். 2023 ஜூலைக் கடைசியில் ஏஞ்சல்ஸ் ஓத்தானியை விற்காமல், இருந்த நல்ல இளைஞர்களைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கியது. ஒரு மாதத்துக்குள் அணி சரிந்து விழ, அதே இருவரோடு இன்னும் நாலு பேரைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெய்வர்ஸில் போட்டார்கள். க்ளீவ்லாண்ட் மூன்று பேரை அள்ளிக்கொண்டது. டிசம்பரில் ஓத்தானி 700 மில்லியனுக்கு அரை மணி நேர தூரத்தில் உள்ள டாட்ஜர்ஸுக்குப் போனார். எங்களுக்கு ஈடாகக் கிடைத்தது 2024 டிராஃப்டின் 74வது இடம். அதில் எடுத்த ரயன் ஜான்சன் என்ற பிட்சரை ஒரு மைனர் லீக் ஆட்டம்கூட ஆட விடாமல் 2025 தொடக்கத்திலேயே மேலே ஏற்றி, சில வாரத்தில் கீழே இறக்கினார்கள். பையன் மேல் தப்பில்லை. அவசரம் யாருடையது என்பதுதான் கேள்வி.

2022 கோடையிலேயே, ஒன்றரை வருஷம் கையில் இருந்தபோது விற்றிருக்க வேண்டும் என்று நான் சொன்னால் சக ரசிகர்கள் அடிக்க வருகிறார்கள். அதே கோடையில் வாஷிங்டன் ஹுவான் சோட்டோவை விற்று சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் என்று பின்னாளில் ஆல் ஸ்டார் ஆன மூன்று பேரை வாங்கியது. ஆனாலும் வாஷிங்டன் 2025 வரை தோற்றுக்கொண்டுதானே இருந்தது என்பார்கள். ஆமாம். அந்த மூன்று பேரைச் சுற்றிலும் மற்ற இடங்களை அவர்கள் நிரப்பவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வாங்க வேண்டிய நேரத்தில் எப்படி வாங்குவது என்பதற்கு 2021 அட்லாண்டாவைவிட நல்ல பாடம் கிடையாது. ஜூலையில் அவர்களுடைய பெரிய நட்சத்திரம் ரொனால்ட் அக்கூன்யா முழங்கால் கிழிந்து வெளியேறினார். வெற்றியும் தோல்வியும் சமமாகக்கூட இல்லாத நிலை. பொது மேலாளர் இன்னொரு அக்கூன்யாவைத் தேடவில்லை. ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், எடி ரொசாரியோ, ஹோர்ஹே சொலேர் என்று நாலு சாதாரண அவுட்ஃபீல்டர்களை வாங்கினார். ரொசாரியோவுக்குக் கொடுத்த விலை பாப்லோ சாண்டோவல். வாங்கிய க்ளீவ்லாண்ட் அவரை உடனே விடுவித்துவிட்டது. அதாவது, கிட்டத்தட்ட இலவசம். அக்டோபரில் ரொசாரியோ லீக் இறுதித் தொடரின் எம்.வி.பி., சொலேர் உலகத் தொடரின் எம்.வி.பி., கோப்பை அட்லாண்டாவுக்கு. சீசனில் அவர்கள் ஜெயித்தது 88 ஆட்டம்தான்.

இப்போது ஏஞ்சல்ஸிடம் என்ன இருக்கிறது? 2025ல் 72 வெற்றி, 90 தோல்வி, தொடர்ந்து பத்தாவது தோல்வி சீசன். ஷார்ட்ஸ்டாப்பில் ஸாக் நெட்டோ இருக்கிறார், 2022ல் எடுத்தவர், உண்மையிலேயே நல்ல வீரர். அவருக்கு இன்றே நீண்ட ஒப்பந்தம் போடுங்கள். அக்கூன்யாவுக்கும் ஆஸி ஆல்பீஸுக்கும் 2019லேயே அட்லாண்டா செய்தது அதைத்தான். அடுத்த குளிர்காலத்தில் முப்பது மில்லியனைத் தூக்கி ஒரு பெயருக்குக் கொடுக்காமல், ஆறு பிட்சர்களுக்கும் இரண்டு பெஞ்ச் ஆட்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். டிராஃப்டில் எடுத்த பையன்களை இரண்டு வருஷம் மைனர் லீகில் விட்டு வையுங்கள். நோலன் ஷானுவெலை ஜூலையில் எடுத்து ஆகஸ்டில் ஆட வைத்த மாதிரி செய்யாதீர்கள். மைனர் லீகின் மேல்தட்டான டிரிபிள் ஏ பேருந்தில் கிளம்பத் தயாராக, ஆப்ஷன் உள்ள நாலு ரிலீவர்கள் எப்போதும் இருக்கட்டும். இதில் எதற்கும் ஓத்தானி தேவையில்லை.

ட்ரவுட்டின் ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது. அவர் பிளேஆஃபில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்றால், அதை ஜெயித்துக் கொடுக்கப் போகிறவர் இப்போது எங்கோ வேறொரு அணியின் மைனர் லீகில் வேண்டாதவராக உட்கார்ந்திருக்கிறார். போய் அவரைக் கூட்டி வாருங்கள்.